அம்மா எடுத்த படங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டு முன்விறாந்தைச் சுவரில் என் அம்மாவின் படமொன்று மாட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அது அடையாள அட்டைக்காக எடுத்த படம். அம்மா காலமான பின், அஞ்சல் முத்திரை அளவில் இருந்த அந்தப் படத்தைப் பெருப்பித்து எடுத்தோம். கழுத்தை நிமிர்த்தி, காது இரண்டும் தெரிய, கண்ணை இமைக்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு அம்மா பார்க்கிறா. வாழ்நாளில் ஒருநாளும் அவ அப்படி இருந்ததை நான் கண்டதில்லை. பேசும்போது தலையை ஒரு பக்கம் சரிப்பா. சிரிக்கும்போது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்துவா. எழுபது வருடம் வாழ்ந்த ஒரு மனுஷிக்கு எஞ்சியது, அவவைப் போல் இல்லாத இந்த ஒரு படம்தான்.

இன்றைய உரைக்கு ஏதாவது ஓர் இலக்கிய விடயத்தைப் பேசும்படி கேட்டார்கள். நான் எழுத்தாளர் அல்ல. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் படம் எடுத்துப் பழகிய ஒரு தாய். ஆகவே படம் எடுப்பதைப் பற்றியே பேசுகிறேன். நினைவைக் காப்பது இலக்கியத்தின் வேலை என்றால், இதுவும் அதற்குப் பக்கத்து வீட்டு விடயந்தானே.

எங்கள் ஊர்களில் முன்பு எப்போது படம் எடுப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் முதலாவது பிறந்தநாள், சாமத்திய வீடு, கலியாணம், கடவுச்சீட்டு, அடையாள அட்டை, கடைசியாகச் செத்தவீடு. செத்தவீட்டில் உறவினர் எல்லோரும் சூழ நின்று எடுக்கும் படத்தில்தான் பல தாய்மார் முதன்முதலாக நடுவிடத்தைப் பெற்றார்கள். அடுப்படியில் புட்டு அவிக்கிற அம்மாவையோ, கிணற்றடியில் பிள்ளைக்குத் தலை முழுக வார்க்கிற அம்மாவையோ எவரும் படம் எடுத்ததில்லை. அது எடுக்க வேண்டிய காட்சி என்று யாருக்கும் தோன்றவில்லை. நாளைக்கும் அவ அங்கேதானே இருப்பா என்ற நினைப்பு!

நாளைக்கும் இருக்கும் என்ற அந்த நினைப்பு 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி எங்களை விட்டுப் போனது. அன்றிரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை, சேறு, அடிக்கு அடி நின்று நின்று நகர்ந்த சனம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, கொஞ்சம் அரிசி ஆகியவற்றைப் பையில் வைத்தோம். அல்பம் இரண்டையும் அலுமாரியிலேயே விட்டோம். பாரம் என்று நினைத்தோம். இரண்டு நாளில் திரும்பலாம் என்றும் நினைத்தோம். அம்மா தென்மராட்சியிலேயே, இன்னொருவர் வீட்டுத் தாழ்வாரத்தில், 1996 இன் தொடக்கத்தில் கண்ணை மூடினா. அந்த வருடம் சித்திரைக்குப் பிறகு நாங்கள் ஊர் திரும்பியபோது கூரை பாதி இல்லை. அலுமாரிக்குள் மழையும் கறையானும் புகுந்திருந்தன. அல்பத்தின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன.

காணி உறுதியைப் பத்திரமாகக் கொண்டுபோனோம். இன்று காணி இருக்கிறது. முகங்கள் இல்லை.

இதைத் துக்கமாகச் சொல்வதற்காக நான் வரவில்லை, நேயர்களே. இதற்குப் பிறகு வந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

2002 ஆம் ஆண்டு சித்திரையில் ஏ-9 பாதை திறந்தது. வெளிநாட்டிலிருந்து உறவுகள் வரத் தொடங்கின. பதினைந்து வருடத்துக்குப் பிறகு வந்த என் தம்பி, திரும்பிப் போகும்போது தான் பாவித்த பழைய கமராவை மேசையில் வைத்துவிட்டு, “அக்கா, இது எனக்கு இனித் தேவையில்லை. நீங்கள் வைத்திருங்கோ” என்றான். கறுப்பு நிறம், கனமான கமரா. வெளிச்சத்தைப் பார்த்து, தூரத்தைப் பார்த்து, கையால் திருகித் திருகித்தான் படம் எடுக்க வேண்டும். ஒரு சுருளில் 36 படம். அதற்குமேல் ஒன்றுகூட இல்லை.

முதற்சுருளை மாட்டி ஒரு மாதமாக எடுத்தேன். மகள் பின்னல் போடுவது, சின்னவன் பசுக்கன்றோடு மல்லுக்கு நிற்பது, முற்றத்துப் பூவரசில் மழை விட்ட பிறகு நீர் சொட்டுவது என்று கணக்குப் பார்த்துப் பார்த்து 36 ஐயும் முடித்தேன். கழுவக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் போனால், வெறும் சுருளைத்தான் கையில் தந்தார்கள். சுருளின் நுனியைப் பற்சக்கரத்தில் சரியாக மாட்டவில்லை. நான் ஒவ்வொரு முறையும் நெம்பை இழுத்தேன். இலக்கம் ஒன்று, இரண்டு என்று கூடிக்கொண்டே போனது. உள்ளே சுருள் அசையவேயில்லை. வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன்: பதியாமற் போன அந்த 36 காட்சிகளையும் இன்றும் நான் வரிசையாகச் சொல்வேன். எடுப்பதற்காக ஒன்றை உற்றுப் பார்த்தால் அது மனதில் பதிந்துவிடுகிறது. அதுவே நான் கண்ட முதல் சந்தோஷம்.

அதன்பின் என் வேலைகளின் ஒழுங்கே மாறிவிட்டது. எங்கள் குசினிக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு இருக்கிறது. காலை ஏழரை மணியளவில் அதனூடாக ஒரு வெயிற்கீற்று அடுப்புப் புகையில் விழும். இருபது வருடமாக அந்தப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவள், அன்றுதான் அதன் அழகைக் கண்டேன். புட்டு இறக்குவதைக் கொஞ்சம் பிந்தி, பிள்ளைகள் பள்ளிக்குப் பிந்தி, வீட்டுக்காரரின் முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு அந்தக் கீற்றை எடுத்திருக்கிறேன். ஒரு சுருளை இரண்டு மாதத்துக்கு இழுப்பேன். முட்டை விற்ற காசு, சீட்டுக் காசில் மிஞ்சியது என்று சேர்த்துத்தான் கழுவக் கொடுப்பேன். கழுவி வந்த உறையை உடனே பிரிக்க மாட்டேன். சமையல் முடித்து, கை கழுவித் துடைத்து, விறாந்தையில் இருந்துதான் பிரிப்பேன். பிள்ளைகள் இரண்டு பக்கமும் வந்து தோளில் சாய்வார்கள். அந்தக் கால்மணி நேரத்துக்கு ஈடாக எனக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

2006 ஆவணியில் பாதை மறுபடி மூடியது. ஊரடங்கும் சோதனையும் மிகுந்த நாட்களில் கமராவோடு தெருவில் இறங்குவது புத்தியான காரியம் அல்ல. என் உலகம் நாலு வேலிக்குள் சுருங்கியது. ஆனால் வேலிக்குள்ளும் எடுத்து முடியாத அளவு இருந்தது.

அந்த நாட்களில்தான் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் கமரன் அம்மையாரைச் சந்தித்தேன். யூலியா மார்கிரட் கமரன் என்பது முழுப்பெயர். கமராவுக்கென்றே பிறந்த பெயர்போல இருக்கிறது, இல்லையா? இந்தப் பெயரை நாங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு வழியாகப் படித்திருக்கிறோம். கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அந்தக் கமரன்தான் இவரின் கணவர். 1833 இல் இலங்கையை ஒரே நிருவாகத்தின் கீழ்க் கொண்டுவந்து, வட மாகாணம் உட்பட ஐந்து மாகாணங்களாக வகுத்த அந்த விடயத்தோடு தொடர்புடையவர். அவர் பெயர் பாடப்புத்தகத்தில் வந்தது. மனைவியின் பெயரை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அம்மையார் 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளைப் பெற்றார். அதற்குமேல் பிறர் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தார். இங்கிலாந்துக்குத் தெற்கே வைற் தீவில் குடியிருந்தார்கள். கணவர் இலங்கைக் கோப்பித் தோட்டக் காரியமாக வெளியே போய்விட, அம்மா தனித்திருக்கிறாவே என்று, 1863 மார்கழியில் அவருடைய ஒரே மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுது போகட்டும் என்றுதான் கொடுத்தார்கள். அப்போது அம்மாவுக்கு 48 வயது.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது பெரிய சமையல். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவுக்குள் வைத்து எடுத்து, உடனே இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். எதிரே இருப்பவர் சில நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். அம்மையார் நிலக்கரி போட்டிருந்த அறையை இருட்டறையாக்கினார். கோழிக்கூட்டைக் கண்ணாடி போட்டுப் படமெடுக்கும் கூடமாக்கினார். கோழிகளுக்கு விடுதலை! படத்தைப் பதிக்கும் கடதாசிக்கு அந்தக் காலத்தில் முட்டை வெண்கருவைத்தான் பூசுவார்கள். ஆகவே கோழிகளோடு இருந்த உறவு முற்றாக விட்டுப்போனது என்றும் சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த ஒன்றை அவரே தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒரு தகட்டைக் கழுவி முடித்ததும் ஈரம் சொட்டச் சொட்டச் சாப்பாட்டு அறைக்கு ஓடிக் கணவருக்குக் காட்டுவாராம். வெள்ளிக் கரைசல் பட்டு மேசைவிரிப்பெல்லாம் அழியாத கறையாம். வேறு வீடாக இருந்தால் துரத்தியிருப்பார்கள் என்கிறார். என் வீட்டில் தீய்ந்துபோன புட்டை நினைத்துக்கொண்டேன். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டிக்கும் சண்டிலிப்பாய்க் குசினிக்காரிக்கும் ஒரே குற்றம், ஒரே ஆனந்தம்!

அவர் எடுத்த படங்கள் தெளிவில்லாதவை என்று அக்காலத்து வல்லுநர்கள் குறை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. வானியல் அறிஞர் ஹேர்ஷலை எடுத்தார், கவிஞர் ரெனிசனை எடுத்தார், டார்வினை எடுத்தார். அதே அக்கறையோடு வீட்டு வேலைக்காரப் பெண்ணையும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் எடுத்தார். மேரி ஹில்லியர் என்ற வேலைக்காரப் பெண்ணின் முகம் இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் இருக்கிறது, பெயரோடு இருக்கிறது.

கமராவைத் தந்த மகள் 1873 இல் பிள்ளைப்பேற்றின்போது இறந்துபோனாள். அந்தப் பரிசைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? 1875 இல் கமரன் குடும்பம் இலங்கைக்கே வந்து சேர்ந்தது. களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தார்கள். கமராவும் கூட வந்தது. 1879 தை 26 ஆம் திகதி அம்மையார் திக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமானார். பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலய வளவிலே அவருக்கும் கணவருக்கும் கல்லறை இருக்கிறது. சுற்றிவரத் தேயிலை, கொழுந்து பறிக்கும் எங்கள் மலையகச் சகோதரிகள்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே இன்று எஞ்சியுள்ளன. தோட்டத் தொழிலாளர், கிராமத்தார், பானை தாங்கிய பெண்கள். அந்த முகங்களைப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் வீட்டுப் பெரியம்மா ஒருவரைப் பார்ப்பதுபோல இருந்தது. உடனே கீழே பெயரைத் தேடினேன். பெயர் இல்லை. ‘களுத்துறைக் குடியானவர்’ என்ற மாதிரித்தான் இருந்தது. வைற் தீவில் வேலைக்காரப் பெண்ணுக்குப் பெயர் கிடைத்தது. இங்கே அவருக்கு முன்னால் அசையாமல் நின்ற மனுஷிக்கு அது கிடைக்கவில்லை. அம்மையாரில் எனக்குள்ள அன்பு இதனாற் குறையவில்லை. ஆனால் இந்த ஒரு குறையை என்னால் மறக்கவும் முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளை அந்தப் படத்தைக் கண்டாலும் தன் பாட்டி என்று எப்படி அறியும்?

பெயர் என்பது சின்ன விடயம் அல்ல. இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஹோமாய் வியாரவாலா. 1947 இன் சுதந்திர விழாவையும், காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தையும் எடுத்தவர். ஒரு மகனை வளர்த்த தாய். அவரும் தொடக்க காலத்தில் எடுத்த படங்கள் கணவரின் பெயரில்தான் வெளிவந்தன. 2011 இல், 97 ஆவது வயதில், பத்ம விபூஷண் விருது அவர் பெயருக்கே கிடைத்தது. எங்கள் ஊரையே பாருங்கள். ஒல்லாந்தர் காலத்துப் புலவரான நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் எங்கள் கல்வளைப் பிள்ளையார்மீது கல்வளை அந்தாதி பாடினார். அதனால் இந்தச் சிறிய குறிச்சியின் பெயர் தமிழ் உள்ளவரை நிற்கிறது. பாடாதிருந்தால் ஒரு கோயிலும் குளமும் என்றுதான் இருந்திருக்கும்.

களுத்துறைப் படத்தைப் பார்த்த அன்றிரவு, அதுவரை எடுத்த படங்களையெல்லாம் பாயில் பரப்பினேன். பென்சிலை எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறமும் எழுதத் தொடங்கினேன். யார், எந்த இடம், என்ன திகதி, என்ன செய்துகொண்டிருந்தார். மை ஊறிவிடும், பென்சில் எழுத்து நிற்கும். நாலு இரவு எழுதினேன். பிள்ளைகள் பெயர் கேட்டுக் கேட்டு உதவினார்கள். ‘இது யாரம்மா?’ என்ற கேள்விக்கு ஒரு கதை. அந்தக் கதைக்குள் இன்னொரு பெயர். அல்பத்தோடு அழிந்துபோன ஆட்களும் அந்த இரவுகளில் பேச்சிலாவது வந்து போனார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் ஆச்சி இருந்தா. மாசி மாதத்தில் பனங்கிழங்கைத் தோலுரித்துக் கிழித்துப் பாயில் காயவிட்டுக்கொண்டு முற்றத்தில் இருப்பா. ஒருநாள் கமராவைத் தூக்கினேன். “உனக்கென்ன பிள்ளை விசரே? ஒடியல் போடுற கிழவியைப் படம் எடுத்து என்ன செய்யப்போறாய்? இரு, நல்ல சேலை ஒன்று உடுத்துக்கொண்டு வாறன்” என்றா. சொல்லிச் சிரித்தபடி கையை நீட்டி மறித்தா. அந்த நொடியில் எடுத்தேன். நரம்போடிய கை, கிழங்கின் மண், பல்லில்லாத சிரிப்பு.

சில வருடத்தில் ஆச்சி போய்விட்டா. பிள்ளைகள் நால்வரும் நாலு நாட்டில். ஒருவராலும் வர முடியவில்லை. மூத்தவர் தொலைபேசியில் என்னைக் கேட்டார்: “அக்கா, அம்மாவின் படம் ஏதும் இருக்கோ? எங்களிட்டை இருக்கிறது அடையாள அட்டைப் படம்தான்.” அந்த ஒடியல் படத்தைப் பிரதி எடுத்து நாலு உறையில் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அவர் எழுதிய கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: அம்மா எங்களைப் பார்த்துக் கை நீட்டுகிறா, அக்கா. அந்தக் கடிதத்தை நான் கமராப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

இப்போது எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி. ஒரு நாளில் நூறு படம் எடுக்கிறோம். நல்லதுதான், புட்டு அவிக்கிற அம்மாவும் இன்று படத்தில் வருகிறா. ஆனால் அந்த நூறுக்கும் பின்புறம் இல்லை. பெயர் எழுத இடம் இல்லை. தொலைபேசி விழுந்து உடைந்தால் அதோடு சரி. கறையானுக்கு ஒரு மழைக்காலமாவது தேவைப்பட்டது. நான் இன்றும் மாதத்தில் பத்துப் படமாவது தாளில் எடுத்து, பென்சிலால் எழுதி வைக்கிறேன். என்னுடைய வேண்டுகோளும் இதுதான், நேயர்களே. இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு பழைய படத்தை எடுத்து, அதில் இருப்பவர் யாரென்று தெரிந்தவர் இருக்கும்போதே பின்புறத்தில் எழுதிவிடுங்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன வருடம் வெளியூரிலிருந்து வந்த மகள் அல்பம் முழுவதையும் புரட்டிவிட்டு, “அம்மா, இதில் நீங்கள் எங்கே?” என்று கேட்டாள். நானும் புரட்டிப் பார்த்தேன். மகள் இருக்கிறாள், மகன்மார் இருக்கிறார்கள், ஆச்சி, பசுக்கன்று, கண்ணாடி ஓட்டு வெயில், எல்லாம் இருக்கிறது. என்னைக் காணவில்லை. எடுக்கிறவள் எப்படிப் படத்தில் வருவாள்? தேடித் தேடி அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். காலை வெயிலில் பிள்ளைகள் மூவரும் முற்றத்தில் நிற்கும் படம். எனக்குப் பின்னால் சூரியன். படத்தின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் காலடியைத் தொட்டுக்கொண்டு, முழங்கைகள் இரண்டையும் விரித்துக் கமரா பிடித்தபடி என் நிழல். அந்நாளில் அதைப் பழுதென்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

மகள் பென்சிலை வாங்கிப் படத்தைத் திருப்பினாள். மூன்று பிள்ளைகளின் பெயரை நான் முன்பே எழுதியிருந்தேன். அதன் கீழே அவள் நாலாவதாக ஒன்று எழுதினாள்: நிழல் – அம்மா.